வீணைக்கு வேண்டியது வஜ்ஜிரம்

வீணைக்கு எவ்வளவு வலுவான பசை போட்டாலும் நல்லதுதான் என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஓர் அளவுக்கு மேல் வலு போனால் அது வீணைக்குக் கேடு என்பதுதான் என் கட்சி. சங்கராபுரம் கடைத்தெருவில் இதைச் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. "என்னா வாத்தியாரே, பிரியிற பசைதான் நல்ல பசைன்றீங்களா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். வாசிக்கும்போது பிரியக்கூடாது, பழுது பார்க்கப் பிரித்தால் பிரிய வேண்டும். இந்த இரண்டையும் செய்கிற பசையை நம் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள். அதை நாம்தான் மூலையில் தள்ளிவிட்டோம்.

பள்ளிக்கூடங்களில் தச்சு, நெசவு என்று கைத்தொழில் வகுப்பு இருந்த காலம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். நான் தச்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வகுப்பறை மூலையில் ஒரு கரி அடுப்பு, அதன்மேல் தண்ணீர் வைத்த பெரிய பாத்திரம், அதற்குள் சின்னப் பாத்திரத்தில் வஜ்ஜிரம். அந்த வாடை அடுத்த வகுப்பு வரைக்கும் போகும். கணக்கு வாத்தியார் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். இன்றைக்கு ஹார்டுவேர் கடையில் போய் "வஜ்ஜிரம் இருக்கா தம்பி?" என்று கேட்டால், "மீன் மார்க்கெட்ல கேளுங்க ஐயா" என்கிறான். அவன்மேல் தப்பில்லை. அவனுக்குத் தெரிந்தது வஞ்சிரம் மீன் ஒன்றுதான். (மீனின் காற்றுப்பையிலிருந்தும் பசை எடுப்பது உண்டு, அது வேறு கதை.)

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வஜ்ஜிரம் என்பது மாட்டுத்தோல், எலும்பு இவற்றைக் காய்ச்சி எடுக்கிற பசை. தோல் பதனிடும் இடங்களில் கழித்துப் போடுகிற துண்டு துணுக்குகளிலிருந்து வருவது. எலும்புப் பசையைவிடத் தோல் பசை உசத்தி. கட்டியாகவோ செதிலாகவோ கிடைக்கும். பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட வேண்டும். காலையில் உப்பி, கொழகொழவென்று இருக்கும். அதை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி சூட்டில் உருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பசையின் சத்து போய்விடும். விரலில் தொட்டு, இரண்டு விரலையும் ஒட்டிப் பிரித்தால் மெல்லிய நூல் இழுக்க வேண்டும், அதுதான் பதம். ஒட்டப் போகிற மரத்தையும் லேசாகச் சூடு காட்டி, பசையை மெல்லிசாகத் தடவி, இரண்டு பக்கத்தையும் தேய்த்துத் தேய்த்து அழுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் பிடித்துக்கொள்ளும். காயக் காய அது சுருங்கி மரத்தை உள்ளே இழுக்கும். நன்றாகக் காய்ந்த வஜ்ஜிரம் கண்ணாடி மாதிரி இறுகிவிடும்.

இப்போது எல்லோர் கையிலும் இருப்பது வெள்ளைப் பசை. ஃபெவிகால் 1959-ல் வந்தது. டப்பாவில் இரண்டு யானைகள் எதிரெதிரே இழுத்தும் பிரியாத படம் எல்லோருக்கும் தெரியும். நாற்காலிக்கும் அலமாரிக்கும் பிளைவுட்டுக்கும் அது பெரிய வரம். நானே எத்தனை டப்பா வாங்கித் தீர்த்திருக்கிறேன். அந்தப் பசையின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் வீணையை எந்த யானையும் இழுக்கப் போவதில்லை. அதை இழுப்பது ஏழு தந்தி. யானை இழுப்பு வேறு, தந்தி இழுப்பு வேறு. யானை ஒரு முறை இழுத்துவிட்டுப் போய்விடும். தந்தி இரவும் பகலும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், வருடக்கணக்கில் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் கொஞ்சம் ரப்பர் குணம் உள்ளது. ஒரே அடியாக அடித்தால் தாங்கும், ஓயாமல் இழுத்தால் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். வெயில் ஏறினால் இன்னும் அதிகம் நகரும். காய்ந்த வஜ்ஜிரம் அப்படி நகராது. நாற்காலிக் காலில் மயிரிழை நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. வீணையில் தண்டி மயிரிழை சாய்ந்தால் தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி மாறிப் போகும். வாசிக்கிறவர் விரலுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

வீணையில் எங்கெங்கே ஒட்டு வருகிறது என்று பாருங்கள். ஒரே பலாமரத்தில் குடைந்து எடுக்கும் ஏகாண்ட வீணையில் குடமும் தண்டியும் ஒன்று. அதிலும் குடத்தை மூடுகிற மேல்பலகை தனியாகத்தான் ஒட்டியாக வேண்டும். ஒட்டு வீணையில் குடம் தனி, தண்டி தனி, யாளி முகம் தனி. நம் கிழக்கே பண்ருட்டியில் விளையும் பலாமரம்தான் தஞ்சாவூருக்கு வீணை மரமாகப் போகிறது. அந்த மரம் வெட்டி எத்தனை வருடம் ஆனாலும் மரம்தான். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் உப்பும், கத்திரி வெயிலில் சுருங்கும். பலகை அசையும்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். ஒட்டு விட்டுக்கொடுத்தால் ஓரத்தில் ஒரு கீற்று தெரியும், அரை நாள் வேலையில் மூடிவிடலாம். ஒட்டு மரத்தைவிடப் பலமாக இருந்து விட்டுக்கொடுக்க மறுத்தால் பலகை நடுவில் வெடிக்கும். வெடித்த பலகையில் பழைய நாதம் திரும்ப வருமா?

இதெல்லாம் வாத்தியாரின் புத்தகப் பேச்சு என்று நினைப்பவர்கள் வீணையின் மெட்டுகளைக் குனிந்து பார்க்கட்டும். 24 மெட்டு. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் ரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த 24 மெட்டு அமைப்பு நிலைபெற்றது என்பார்கள். அந்த மெட்டுகள் எதில் உட்கார்ந்திருக்கின்றன? ஆணியில் இல்லை, பள்ளம் வெட்டி இறுக்கியதும் இல்லை. தேன்மெழுகில் கரித்தூள் கலந்த கருப்பு மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. மேளம் கட்டுகிறவர் மெழுகைச் சூடுகாட்டி இளக்கி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி நிறுத்துகிறார். சில வருடம் கழித்து மெழுகு இறுகி, மெட்டு தேய்ந்து, சுருதி விலகினால் மறுபடி இளக்கி மறுபடி கட்டுகிறார். அந்தக் காலத்து ஆசாரிக்குக் கெட்டியாக ஒட்டத் தெரியாமலா மெழுகை வைத்தார்? அரக்கு இருந்தது, குங்கிலியம் இருந்தது, வஜ்ஜிரம் இருந்தது. பின்னால் ஒருவன் வந்து திருத்துவான், அவனுக்கு வழி விட வேண்டும் என்று தெரிந்துதான் மெழுகை வைத்தார். நம் கல்வராயன் மலையிலிருந்து தேன் இறங்கி வரும்போது அடையின் மெழுகை யாரும் மதிப்பதில்லை. அந்த மெழுகுதான் சரஸ்வதியின் மடியில் இருப்பது என்று தேன் வாங்குகிறவர்களிடம் நான் சொல்வதுண்டு.

தந்தி வாத்தியத்தை விட்டு ஒரு நிமிடம் மிருதங்கத்துக்குப் போகிறேன். கச்சேரிக்கு முன்னால் இடது பக்கம் ரவையைப் பிசைந்து அப்புகிறார்கள், கச்சேரி முடிந்ததும் வழித்துப் போடுகிறார்கள். அதையே நிரந்தரமாக ஒட்டிவிடலாமே, தினமும் எதற்கு இந்த வேலை என்று எந்த வித்வானாவது கேட்டிருக்கிறாரா?

நிரந்தரமாக ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு என் தங்கை வீட்டு வீணையே சாட்சி. எங்கள் அப்பா 1968-ல் தஞ்சாவூரிலிருந்து வாங்கி வந்தது. ஒட்டு வீணை. நாற்பது வருடம் ஒரு குறையும் சொல்லாமல் பாடியது. பிறகு ஒரு மழைக்காலத்தில் தண்டியும் குடமும் சேரும் இடத்தில் வாய் பிளந்தது. அது வஜ்ஜிரம் போட்ட இடம். வயதாகிவிட்டது, பிடி விட்டது, அவ்வளவுதான். பழைய பசையைச் சூடான தண்ணீரில் நனைத்து, புதுப் பசை தடவி, கயிறு சுற்றி இறுக்கினால் தீர்ந்தது. நான் அப்போது ஊரில் இல்லை. தங்கை மகன் அதை ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அவர்கள் இரண்டு டியூப் பசையைக் கலந்து பிளவுக்குள் நிறைத்து மூடிவிட்டார்கள். மேலே பாலிஷ் போட்டு, பார்க்க புத்தம் புதுசு. "இனி உங்க பேரன் காலம் வரைக்கும் பிரியாது" என்று சொல்லி அனுப்பினார்களாம். சொன்ன சொல் தவறவில்லை, இன்று வரை பிரியவில்லை. ஆனால் ஒட்டும்போது சந்து முழுதாக மூடவில்லை. தண்டி ஒரு நூல் அளவு மேலே தூக்கி நிற்கிறது. தந்தி மெட்டை விட்டு எங்கோ உயரத்தில் போகிறது. தாரஸ்தாயியில் விரலை அழுத்தினால் தோலே கிழியும். தஞ்சாவூரில் வேலை தெரிந்த ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனோம். கையால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, "வஜ்ஜிரமா இருந்தா சாயங்காலமே குடுத்துடுவேன் சார். இதப் பிரிக்கப் போனா மரம்தான் பிஞ்சு வரும்" என்றார். தண்டியை அறுத்து எடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் அது அப்பா வாங்கிய வீணையா? தங்கை வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது அது நவராத்திரிக்குக் கொலுவில் உட்காருகிறது. "பொம்மையா ஆயிட்டுது அண்ணா" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

இந்த இரண்டு டியூப் பசையின் பெருமையே பிளவை நிறைப்பது என்பார்கள். எனக்கு அதுதான் குற்றமாகப் படுகிறது. வஜ்ஜிரம் இடைவெளியை நிறைக்காது. இழைப்புளி ஓட்டி, இரண்டு முகமும் வெளிச்சம் புகாமல் பொருந்தினால்தான் பிடிக்கும். பொருத்தத் தெரியாதவனை அது அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். நிறைக்கிற பசை அவனுடைய அவசரத்தையெல்லாம் உள்ளே போட்டு மூடிவிடும். வெள்ளைப் பசையிலும் ஒரு தொல்லை உண்டு. ஒட்டு விட்டுப்போனால் காய்ந்த பழைய பசைமேல் புதுப் பசை பிடிக்காது. முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், சுரண்டும்போது மரமும் போகும், பொருத்தம் கெடும். வஜ்ஜிரத்தில் பழையது புதுசின் சூட்டில் இளகி அதோடு சேர்ந்துகொள்ளும். ஒரே ஒட்டைத் தாத்தாவும் பேரனும் ஒட்டலாம்.

வெள்ளைக்காரன் வாத்தியம் என்றால் நம்மவர்களுக்குத் தனி மரியாதை, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். பாலுஸ்வாமி தீட்சிதர் நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த வயலினை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் ஸ்ட்ராடிவாரி என்ற ஆசாரி 1737-ல் இறந்தார். அவர் செய்த வயலின்கள் இன்றும் மேடையில் வாசிக்கப்படுகின்றன, கோடிக்கணக்கில் விலை போகின்றன. அவை எப்படி இத்தனை காலம் இருக்கின்றன? மரம் நல்ல மரம், வார்னிஷ் நல்ல வார்னிஷ் என்று ஆயிரம் பேசுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கச்சேரி மண்டபங்கள் பெரிதாகி, சத்தம் கூடுதலாக வேண்டியிருந்தபோது, அநேகமாக அவர் செய்த எல்லா வயலின்களுக்கும் கழுத்தை மாற்றினார்கள், மேல்பலகையைத் திறந்து உள்ளே இருக்கும் கட்டையையும் மாற்றினார்கள். அப்படித் திறக்க முடிந்தது தோல் பசை போட்டிருந்ததால்தான். இன்றைக்கும் நல்ல வயலின் ஆசாரி மேல்பலகையை ஒட்டும்போது அந்தப் பசையையே வேண்டுமென்று கொஞ்சம் நீர்க்க வைத்துத் தடவுகிறார், பலகை வெடிப்பதற்கு முன் ஒட்டு விட வேண்டும் என்று. அந்த மகான் கையில் எபாக்சி டியூப் இருந்திருந்தால் அவர் வேலையில் பாதி இன்று விறகுதான்.

எதிர்க்கட்சி சொல்வதையும் கேட்டிருக்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு வஜ்ஜிரம் நிற்காது என்பது முதல் வாதம். ஃபெவிகால் பிறப்பதற்கு முன்னால் செய்த வீணைகளெல்லாம் எந்த ஊர் வெயிலில் இருந்தன? வறண்ட வெயிலை வஜ்ஜிரம் தாங்கும். ஈரமும் சூடும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் இளகும். மழைக்காலத்தில் கதவு மூடிய காருக்குள் வீணையை வைத்துவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போனால் இளகத்தான் செய்யும். அப்படி வைத்தால் மெட்டு மெழுகும் சேர்ந்துதான் இளகும், அதற்காக மெட்டை எபாக்சியில் ஒட்டுவோமா? வெள்ளைப் பசையும் அந்தச் சூட்டில் இளகுகிற பசைதான். பூச்சி அரிக்கும், பூஞ்சை பிடிக்கும் என்பது இரண்டாவது. உண்மை. ஈரச் சுவரில் சாத்தி வைத்தால் பிடிக்கும். உறையில் போட்டு உலர்ந்த இடத்தில் வைப்பது வீணை வைத்திருப்பவர் கடமை. மூன்றாவது, நேரம். ஊறவைத்து, காய்ச்சி, ஒரு நிமிடத்துக்குள் ஒட்டி முடிக்க இன்றைய தச்சனுக்குப் பொறுமை இல்லை. இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, கூலி ஏறிப்போன காலம். ஆனால் கரி அடுப்பு இப்போது தேவையில்லை. குழந்தைக்குப் பால்புட்டி சூடாக்கும் மின்சாரப் பாத்திரமே போதும். வெளிநாட்டில் கிதார் செய்கிறவர்கள் அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

நான்காவது வாதத்தைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய்ச் சொல்வார்கள். "பூஜை ரூம்ல வைக்கிற வீணைக்கு மாட்டுத்தோல் பசையா சார்?" என்று. இதைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். மிருதங்கம் எந்தத் தோல்? பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் அதில் இருக்கிறது. கோயில் தவிலுக்கு என்ன போர்த்தியிருக்கிறது, பட்டா? வயலினுக்கு ஒரு காலத்தில் ஆட்டுக்குடல் நரம்புதான் தந்தி. மேடையில் கேட்டுத் தலையாட்டுகிறோம், தோலைப் பதப்படுத்திக் கொடுத்த கையைப் பற்றி மட்டும் பேச்சு வராது. டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்று மிருதங்கம் செய்கிற குடும்பங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு எழுந்த சலசலப்பு நினைவிருக்கும். அதே கூச்சம்தான் வஜ்ஜிரத்தை அடுப்படியிலிருந்து விரட்டியதில் ஒரு பங்கு வகித்தது என்று நான் நினைக்கிறேன். வெள்ளைப் பசை டப்பாவில் வருகிறது, வாடை இல்லை, யார் தொட்டது என்ற கேள்வி இல்லை. மனசு ஒப்பாமல் உண்மையாகவே வேண்டாம் என்பவர்களை நான் வற்புறுத்தவில்லை. பட்டும் தேன்மெழுகும்கூடத் தொடாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். மற்றவர்கள் பசையில் மட்டும் ஆசாரம் பார்ப்பானேன்?

வீணையில் வெள்ளைப் பசையே ஆகாது என்றும் நான் சொல்லவில்லை. யானைத் தந்தம் தடையாகிவிட்ட பிறகு ஓரங்களில் பிளாஸ்டிக் பூ வேலை வந்துவிட்டது. அதை எதில் ஒட்டினாலும் எனக்குக் கவலை இல்லை. குடத்தில் வெடிப்பு வந்து உள்ளே சின்னக் கட்டை வைத்து நிரந்தரமாகத் தைக்க வேண்டிய இடத்துக்கும் அது போதும். மேல்பலகை, தண்டிச் சந்து, யாளிக் கழுத்து, இந்த மூன்று இடத்தில் மட்டும் வேண்டாம்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் கிடைத்தது. சந்தோஷம். வாங்க வருகிறவர்கள் என்ன மரம், எந்த ஊர் மரம், ஏகாண்டமா ஒட்டா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். எந்தப் பசை என்று கேட்கிற ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. பத்து பேர் கேட்டால் பட்டறையில் அடுப்பு தானாகப் பற்றும். என்னைக் கேட்டால் ஒவ்வொரு வீணையிலும் எந்தச் சந்தில் எந்தப் பசை, எந்த வருடம் போட்டது என்று ஒரு சின்னச் சீட்டு இருக்க வேண்டும். பழுது பார்த்தவரும் அதில் எழுதிவிட்டுப் போகட்டும். நம் மாவட்டத்தில் உளி பிடிக்கத் தெரிந்த இளைஞர்களுக்குக் குறைவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு வாரம் வஜ்ஜிரம் காய்ச்சக் கற்றுக்கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? கூப்பிட்டால் நானே வந்து காய்ச்சிக் காட்டுவேன், சம்பளம் வேண்டாம்.

அதுவரைக்கும், வீட்டில் வீணையின் ஒட்டு எங்காவது வாய் திறந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் ஏழு தந்தியையும் தளர்த்திவிடுங்கள், அறுத்துவிடாதீர்கள். பிளவுக்குள் எதையும் ஊற்றாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு சொட்டு விட்டால் போதும் என்று சின்ன டியூபைக் கொண்டுவந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். உடைந்த சிம்பு ஏதும் விழுந்திருந்தால் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள், ஒட்டும்போது அது வேண்டும். சந்தைச் சுற்றி மெத்தென்ற பருத்தித் துணியை இறுக்காமல் சுற்றி, விருத்தாசலம் வழியாகத் தஞ்சாவூருக்குப் போங்கள். ஆசாரியிடம் வீணையைக் கொடுப்பதற்கு முன்னால் எந்தப் பசை போடுவீர்கள் என்று கேளுங்கள்.